கையறிவும் கல்லூரியறிவும்: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு சிந்தனை

நம் திருச்சபைகளில் நெடுநாளாக இரு குரல்கள் ஒலித்து வருகின்றன. திருப்பணிக்கு வருகிறவன் முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவனாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கல்லூரியில் பயின்றவர்கள் மக்களின் வாழ்வை அறியாதவர்களாகத் திரும்பி வருகின்றனர். ஆண்டவரின் அழைப்பும் அனுபவமும் உள்ளவருக்கு அதுவே போதும் என்பது மற்றொன்று. இரண்டாம் குரலை எழுப்புவோர் சபைகளில் மட்டுமன்றி நம் வகுப்பறைகளிலும் உளர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இது ஏட்டளவில் நிற்கும் விவாதமன்று. மலைச்சாரலில் உள்ள சிறு சபையொன்றில் இருபது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் வேதம் வாசித்து விளக்கி வரும் உபதேசியாரிடம் சான்றிதழ் ஏதும் இல்லை. அங்கு வார இறுதிப் பயிற்சிக்கு அனுப்பப்படும் மாணவரோ எபிரெயமும் கிரேக்கமும் பயின்றவர். இவ்விருவரில் யார் யாருக்குக் கற்பிப்பது? இக்கேள்விக்குத் திருச்சபை அளிக்கும் விடையைப் பொறுத்தே அச்சபையின் நாளைய வாழ்வும், அம்மாணவரின் ஆயர்பணியும் அமையும். ஆகவே, ஒரு கலையைத் தானே கற்றுக்கொள்வதற்கும் முறையான கல்விக்கூடத்தில் பயில்வதற்கும் உள்ள உறவு யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். அதற்குச் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையை நம் ஆய்வுக்களமாகக் கொள்வோம்.

1. மாரமங்கலத்துக் காப்பித் தோட்டம்

ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த மாரமங்கலம் போன்ற மலையூர்களில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். இவர்கள் கேரள நாட்டினர் அல்லர். தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் சேர்வராயன் மலையிலும், கொல்லிமலையிலும், பச்சைமலையிலும் குடியேறிய வரலாற்றை இவர்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றைப் பயிரிடுவது இவர்களின் தொன்மையான தொழில்.

காப்பி இம்மலைக்குப் பின்னர் வந்த பயிர். 1820களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதனை இங்குக் கொண்டுவந்தார். அடுத்து ஐரோப்பியர் பெருந்தோட்டங்களை அமைத்தனர். மலைமக்களில் பலர் அத்தோட்டங்களில் கூலி வேலை செய்தனர். வேலை செய்தபோதே செடியை அறிந்துகொண்டனர். காலப்போக்கில் தம் சொந்த நிலத்திலும் காப்பியை நட்டனர். இவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைக்கவும் இல்லை. எத்தனை உயரத்தில் நுனியைக் கிள்ளுவது, எந்தக் கிளையைக் கவாத்து செய்வது, பூக்கும் பருவத்து மழை பொய்த்தால் என்ன நேரும் என்பனவற்றைக் கண் கண்டது, கை கற்றது. தந்தையோடு தோட்டத்துக்குச் செல்லும் சிறுவன் கேளாமலே கற்கும் கல்வி இது.

இக்கல்வியில் ஆசிரியர் இல்லை என்று நாம் எண்ணுவது தவறு. செடியே இங்கு ஆசிரியர். தவறான கிளையை வெட்டியவனுக்கு அடுத்த பருவத்தில் காய் குறைகிறது. மிகுந்த வெயிலில் நட்டவனுக்கு இலை பழுக்கிறது. அச்செடி முகத்தாட்சணியம் பார்ப்பதில்லை, புகழ்ச்சிக்கு இணங்குவதுமில்லை. கைத்தொழில்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். தச்சன் அளவு தவறினால் கதவு நிலையில் பொருந்தாது. குயவன் மண்ணைச் சரியாகப் பிசையாவிட்டால் சூளையில் பானை வெடிக்கும். தானே கற்பவனைத் திருத்துவது அவன் கையாளும் பொருள். ஆதலின் தானே கற்றல் என்பது திருத்துவார் இன்றிக் கற்றல் ஆகாது.

எனினும் இக்கல்விக்கும் ஓர் எல்லை உண்டு. அரபிக்கா காப்பிச் செடிக்குக் கொடிய பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. தாய் வண்டு தண்டுப் பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. புழு உள்ளே துளைத்துச் சென்று மாதக்கணக்கில் மறைந்து வாழ்கிறது. வெளியே இலை மஞ்சளித்துச் செடி வாடும்போது கேடு முற்றிவிட்டிருக்கும். உழவன் காண்பது வாட்டத்தை. வாட்டத்தின் காரணமோ பல மாதங்களுக்கு முன்னரே பட்டைக்குள் புகுந்துவிட்டது. இங்குச் செடி என்னும் ஆசிரியர் மிகவும் காலந்தாழ்த்திப் பேசுகிறார். கண்ணையும் கையையும் மட்டும் நம்பியவன், தண்ணீர் போதவில்லை என்றோ மண் கெட்டுவிட்டது என்றோ எண்ணி ஏமாறுவது இயல்பே.

இவ்வண்டின் வாழ்க்கைச் சுற்றை அறிவதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. கருநாடகத்தில் பாலேஹொன்னூரில் 1925ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காப்பி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இத்தகைய பூச்சிகளும் நோய்களும் முறையாக ஆராயப்பட்டன. வண்டு ஆண்டில் எப்பருவங்களில் வெளிவருகிறது, வெயில் படும் தண்டையே அது நாடுகிறது, நோயுற்ற செடிகளை வண்டு வெளிவருமுன் பிடுங்கி எரித்தல் வேண்டும், நிழல்மரங்களை அளவுக்கு மேல் கழித்தல் ஆகாது என்பன இன்று உழவர்க்குக் கற்பிக்கப்படுகின்றன. விளைச்சல் பெருகும் என்று கருதி நிழலைக் குறைத்தவன், தான் அறியாமலே வண்டுக்கு வாயிலைத் திறந்துவைக்கிறான் என்பது கைப்பழக்கம் மட்டும் எளிதில் காட்டாத உண்மை.

ஆயினும் ஆய்வுக்கூடத்தின் அறிவும் தனித்து நிற்பதில்லை. இம்மேட்டில் எந்த மரத்தின் நிழல் எந்த மாதத்தில் எப்பக்கம் விழும், எந்தச் சரிவில் பனி தங்கும், மிளகுக்கொடி படர்ந்த சவுக்குமரத்தில் எத்தனை கிளைகளைக் கழிக்கலாம் என்பன அந்நிலத்தில் வாழ்பவனுக்கே தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டிலுள்ள நிழல் விதியும் இம்மேட்டின் மரத்தை அறிந்தவன் கைக்கு வரும்போதே உதவுகிறது.

2. பள்ளியில்லாத இயலுக்கு வழி திறந்தவர்

சேர்வராயன் மலையோடு தொடர்புடைய இருவரின் வரலாறு இதனை மேலும் விளக்கும். முதலாமவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். ஏற்காட்டில் வாழ்ந்த இவர் 1912ஆம் ஆண்டு மறைந்தார். ஏற்காட்டுப் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் இவருடைய நினைவுக்கல் உள்ளது.

1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த இவர், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் சரளைமண் குழியொன்றில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் பழங்கற்காலக் கருவிகள் கிடைத்தன. இந்திய மண்ணில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு இவை சான்றாயின. கற்கருவிகளை ஆராயும் இயல் அந்நாளில் இந்தியக் கல்லூரி எதிலும் பாடமாக இருக்கவில்லை. அவ்வகையில் ஃபூட் இத்துறையில் தானே கற்றவர் எனலாம்.

ஆயின் அவர் வெறுமையிலிருந்து தொடங்கவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். நில அடுக்குகளை வரைந்து பதிவு செய்யும் ஒழுங்கை நிலவியல் துறை அவருக்கு அளித்தது. பிரான்சில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் மனிதக் கைவினையே என்பதை 1859இல் அறிஞர் ஏற்றுக்கொண்ட செய்தியும் அவர் காலத்து அறிஞருலகில் பரவியிருந்தது. ஒரு துறையில் பெற்ற ஒழுங்கே, பாதையில்லாத மற்றொரு துறையில் அவருக்கு வழிகாட்டியது.

வேறு ஆசிரியரும் அவருக்கு இருந்தனர். சேர்வராயன் மலையூர்களில், வழுவழுப்பாகத் தீட்டப்பட்ட புதிய கற்காலக் கோடரிகளை மலைமக்கள் நிலத்தில் கண்டெடுத்துத் தம் வழிபாட்டிடங்களில் சேர்த்து வைத்திருந்தனர். இவை சாதாரணக் கற்கள் அல்ல என்பதை, அறிஞர் வருமுன்னரே அவர்கள் கண்கள் கண்டிருந்தன. அவர்கள் அவற்றைப் புனிதமெனக் கொண்டனர்; ஆய்வாளர் அவற்றைக் காலவரிசையில் வைத்தார். கண்டுபிடித்தவர் யார் என்று வினவினால் இரு சாராரையும் கூறுவதே நேர்மை.

ஃபூட்டின் பெருஞ்சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் விளக்கப் பட்டியல் அவர் மறைந்த பின் 1914இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் நூல்களாக வெளிவந்தன. அத்திரம்பாக்கத்தில் பின்னர் முறையான அகழாய்வு செய்த அறிஞர்கள், அங்குள்ள கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என்று 2011இல் அறிவித்தனர். தானே கற்றவர் தாம் கண்டதைப் பிறர் சோதிக்கும் வண்ணம் எழுதியும் சேர்த்தும் வைத்ததனாலேயே, அவருக்குப் பின் வந்த கல்விக்கூடம் அவ்வேலையைத் தொடர முடிந்தது. தன் அறிவைத் தன்னோடு புதைத்துக்கொள்ளாமல் பிறர் திருத்துவதற்காகத் திறந்து வைத்தமை இவரிடம் நாம் காணும் சிறப்பு.

3. கல்வி நிறைந்த மொழிபெயர்ப்பும் சபையின் செவியும்

இரண்டாமவர் ஃபூட்டின் மாமனாராகிய பீட்டர் பெர்சிவல் ஐயர். இவர் 1882இல் ஏற்காட்டில் காலமானார். வெஸ்லியன் மிஷனரியாக 1826இல் யாழ்ப்பாணம் சென்று பள்ளிகளை வளர்த்தவர். பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் விளங்கியவர்.

இவர் தலைமையில் யாழ்ப்பாணத்தில் திருமறை மொழிபெயர்ப்பு ஒன்று நடைபெற்றது. அதில் அவருக்குப் பெருந்துணையாக நின்றவர் ஆறுமுக நாவலர். நாவலர் மரபுவழிப் புலவர்களிடம் தமிழும், பெர்சிவல் நடத்திய பள்ளியில் ஆங்கிலமும் பயின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையில் தாமே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். திண்ணைக் கல்வியும் பள்ளிக் கல்வியும் ஒருவரிடத்தே இணைந்ததற்கு இவர் சிறந்த சான்று. இத்தகைய புலமையோடு உருவான திருப்புதல் 1850இல் அச்சேறியது.

எனினும் தமிழகச் சபைகள் அதனைத் தம் வேதமாக ஏற்கவில்லை. ஃபப்ரீசியுஸ், இரேனியுஸ் ஆகியோரின் திருப்புதல்களில் பழகிய செவிகளுக்கு அது அயலாக ஒலித்தது. பின்னர் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழு, பழைய திருப்புதல்களையும் சபைகளின் வழக்கையும் மனத்திற்கொண்டு உழைத்து, 1871இல் முழுத் திருமறையையும் வெளிவரச் செய்தது. அத்திருப்புதலே தமிழ்ச் சபைகளில் நிலைபெற்றது. யாழ்ப்பாணத் திருப்புதலுக்குப் புலமை குறையவில்லை. எழுத்தறியாத பெண் ஒருத்தி மனப்பாடமாக அறிந்த வேதத்தின் ஓசையும் ஓர் அறிவே. மொழிபெயர்ப்பாளர் அதற்கும் செவிசாய்க்க வேண்டியிருந்தது என்பதே நாம் பெறும் பாடம்.

பெர்சிவல் இவ்வகையறிவை மதியாதவர் என்று நாம் கூறுவதற்கில்லை. பள்ளி காணாத மக்கள் வாயில் வழங்கிய பழமொழிகளை அவர் அரிதின் முயன்று திரட்டினார். 1843இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த அவரது தொகுப்பு, 1874இல் சென்னையில் மீண்டும் வெளிவந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டிருந்தது. பேராசிரியர் ஒருவர் அடுப்படிக்கும் வயல் வரப்புக்கும் மாணவராகச் சென்றதன் பயன் அந்நூல்.

4. திருமறையின் சாட்சி

திருமறை இப்பொருள் பற்றிக் கூறுவது யாது? கல்வியை மறுப்போர் பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர் என்று கருதப்பட்டதையும் (அப். 4:13), ஆமோஸ் தன்னைத் தீர்க்கதரிசியின் புத்திரன் அல்லவென்று கூறியதையும் (ஆமோஸ் 7:14) எடுத்துக்காட்டுவர். ஆயின் சீடர்கள் ஆண்டவரோடு உடனிருந்து, கேட்டு, அனுப்பப்பட்டு, திரும்பி வந்து, கடிந்துகொள்ளப்பட்டுக் கற்றனர். அதனினும் கடுமையான கல்விக்கூடம் எது? ஆமோசோ மந்தையையும் மரத்தையும் அறிந்த கண்ணோடு அரசின் அநீதியைக் கண்டவர். அவர் நூலின் நடை, கற்றோரும் வியக்கும் நடை.

கல்வியைப் போற்றுவோர் பவுல் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்ததைக் (அப். 22:3) கூறுவர். அதே பவுல் கூடாரத்தொழிலாளராகவும் இருந்தார் என்பதை (அப். 18:3) நாம் மறத்தல் ஆகாது. பெசலெயேலுக்குக் கைவினைத் திறன் தேவ ஆவியின் வரமாக அளிக்கப்பட்டது. எனினும் அவ்வரம் அவரோடு நின்றுவிடவில்லை, பிறருக்குப் போதிக்கும் மனமும் அவருக்கும் அகோலியாபுக்கும் சேர்த்தே அருளப்பட்டது (யாத். 35:34). வரமாக வந்த திறனும் கற்பித்தலில் நிறைவு காண்கிறது.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய பகுதி அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தின் இறுதியில் உள்ளது. அப்பொல்லோ அலெக்சந்திரியாவில் பிறந்தவர். சொல்வன்மையும் வேதவாக்கியங்களில் தேர்ச்சியும் உடையவர். எபேசுவில் அவர் பேசியதைக் கேட்டவர்களுள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் இருந்தனர். இவ்விருவரும் கூடாரம் தைக்கும் தொழிலாளர். அவருடைய போதனையில் ஒரு குறை இருப்பதை இவர்கள் உணர்ந்தனர். சபை நடுவில் அவரை நாணச் செய்யவில்லை. கல்விமான் ஆயிற்றே என்று வாளாவிருக்கவும் இல்லை. அவரைத் தம்மிடம் அழைத்துச் சென்று தேவ மார்க்கத்தை இன்னும் திருத்தமாக விளக்கினர். அவரும் அதனை ஏற்றார். கற்றவர் ஒருவர் கைத்தொழிலாளர் இல்லத்தில் மாணவராக அமர்ந்த இக்காட்சி, இறையியல் கல்லூரி ஒவ்வொன்றின் வாயிலிலும் தீட்டப்பட வேண்டிய சித்திரம்.

5. பிரசங்கத்தைத் திருத்துவது யார்?

இனி நம் கேள்விக்குத் திரும்புவோம். உழவனைச் செடி திருத்துகிறது. தச்சனை மரம் திருத்துகிறது. மாணவனை ஆசிரியர் திருத்துகிறார். ஆயரைத் திருத்துவது யார்?

தவறான பிரசங்கத்தால் மேடையில் எதுவும் வெடிப்பதில்லை. உடனே எதுவும் வாடுவதுமில்லை. ஆராதனை முடிந்ததும் வாயிலருகே நிற்கும் ஆயரிடம் செய்தி நன்றாக இருந்தது என்று கூறிச் சபையார் கலைந்து செல்கின்றனர். கேடு விளைந்திருந்தால் அது பட்டைக்குள் புகுந்த புழுவைப் போல் ஆண்டுகள் பல கழிந்தே வெளிப்படும். துன்புறுவோனிடம் உன் பாவமே உன் நோய்க்குக் காரணம் என்று கூறிய ஆயர், அவன் சபையை விட்டு விலகியதன் காரணத்தை ஒருபோதும் அறியாமல் போகலாம். ஆகவே திருப்பணியில் தானே கற்றவருக்குக் கைத்தொழிலாளனுக்கு இருக்கும் பாதுகாப்பு இல்லை. அவர் கையாளும் பொருள் அவரை எளிதில் திருத்துவதில்லை. நெடுங்கால அனுபவம் என்பது ஒரே பிழையை நெடுங்காலம் செய்ததாகவும் இருக்கக்கூடும். இதனாலேயே முறையான இறையியல் கல்வி நமக்கு இன்றியமையாதது.

ஆயினும் பட்டம் பெற்றவருக்கும் இதே இடர் உண்டு என்பதை நாம் பணிவுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். கல்லூரியில் இருந்த நான்கு ஆண்டுகளில் அவரைத் திருத்துவார் பலர் இருந்தனர். குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அவரைத் திருத்துவார் எவருமில்லை. அன்று முதல் அவரும் தானே கற்பவரே. வேறுபாடு யாதெனில், உபதேசியார் அதனை அறிந்திருக்கிறார். ஆயர் அதனை மறந்துவிடுகிறார்.

வில்லியம் கேரியின் வாழ்வு இங்கு நமக்குத் துணைநிற்கும். செருப்புத் தைக்கும் தொழிலைப் பயின்ற அவர், பல மொழிகளைத் தம் சொந்த முயற்சியாலேயே கற்றார். தானே கற்றல் போதும் என்று கருதுவதற்கு அவரைவிட உரிமையுள்ளவர் யார்? அவரோ தம் நண்பர்களுடன் 1818இல் செராம்பூர்க் கல்லூரியை நிறுவினார். தானே கற்பதன் அருமையை அறிந்தவர், அதன் தனிமையையும் அறிந்திருந்தார் போலும். மறுபுறம், 1963இல் குவாதமாலா நாட்டில் இறையியல் கல்லூரி ஒன்று, மாணவரை ஊரிலிருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பதற்குப் பதிலாகப் பாடத்தையும் ஆசிரியரையும் ஊர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. குடும்பத்தோடும் தொழிலோடும் சபையோடும் இருந்தவாறே உழவர்கள் இறையியல் பயின்றனர். இம்முறை பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளில் பரவியது. தானே கற்றவர் கல்லூரியை நாடினார். கல்லூரியோ ஊரை நாடியது. இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள்.

6. நாம் செய்யத்தக்கன

இதிலிருந்து நம் நடைமுறைக்கு மூன்று முடிவுகளைக் கூறலாம்.

முதலாவது, வார இறுதிப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர் கற்பிப்பதற்கு மட்டும் செல்லுதல் ஆகாது. அங்குள்ள உபதேசியாரையும் மூத்த பெண்களையும் தம் ஆசிரியராக மதித்து, ஒவ்வொரு பருவத்திலும் அவர்களிடம் கற்றது யாது என்று எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவரைப் பற்றிய மதிப்பீட்டில் அச்சபையின் சொல்லுக்கும் இடம் இருத்தல் நலம்.

இரண்டாவது, சான்றிதழ் இல்லாத உபதேசியாரைப் புகழ்ந்துவிட்டு அப்படியே விட்டுவிடுதல் அன்பாகாது. அவரது பணியைத் திருச்சபை வெளிப்படையாக அங்கீகரித்தல் வேண்டும். அதே வேளையில் அவர் ஊரிலேயே பயிலத்தக்க பாடங்களை அவருக்குத் திறந்துவிடுதலும் வேண்டும். மலை உழவனிடம் வண்டின் வாழ்க்கைச் சுற்றைச் சொல்லாமல் அவன் கைத்திறனை மட்டும் மெச்சுகிறவன் அவனுக்கு நண்பன் அல்லன்.

மூன்றாவது, ஆயர்கள் தம்மைத் திருத்துவாரைத் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும். தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானித்தறிய வேண்டும் என்பது பவுல் கொரிந்து சபைக்கு வகுத்த ஒழுங்கு (1 கொரி. 14:29). அடுத்தடுத்த குருசேகரங்களின் ஆயர் சிலர் மாதம் ஒருமுறை கூடி ஒருவர் பிரசங்கத்தை மற்றவர் ஆராய்வது அரிய செயலன்று. தம் சபையிலேயே துணிந்து உண்மை கூறும் இருவரை நண்பராகக் கொள்ளுதல் அதனினும் எளிது, அதனினும் பயனுடையது.

உபதேசியாரும் மாணவரும் எதிர்நிற்கும் அம்மலைச் சபையில் யார் யாருக்குக் கற்பிப்பது என்று தொடக்கத்தில் வினவினோம். இருவரும் ஒருவரையொருவர் திருத்தவும் திருத்தப்படவும் இசைவார்களாயின், அவ்வினாவுக்கு அங்கு இடமிராது. எபேசுவில் அப்பொல்லோவை வரவேற்ற இல்லத்தைப் போன்ற இல்லங்கள் நம் மலையூர்களிலும் உள்ளன. அவற்றின் கதவைத் தட்டும் பணிவை நம் மாணவர்களுக்கும், அக்கதவைத் திறக்கும் துணிவை நம் சபையாருக்கும் கர்த்தர் அருள்வாராக.